அல்லிராணி கோட்டைக்கு ஒருமுறை போய் வாருங்கள்



போன மாதத் தபாலில் ஒரு கடிதம் ஸ்பெயினிலிருந்து வந்திருந்தது. எழுதியவர் மன்னார்ப் பக்கம் பிறந்து, ஐரோப்பாவில் குடியிருக்கும் ஒரு தாய். விடுமுறைக்குப் பிள்ளைகளோடு காசெரஸ் என்ற பழைய நகரத்துக்குப் போய், அங்கே கோட்டையைப்போலக் கட்டிய பிரபுக்களின் வீடுகளைப் பார்த்திருக்கிறார். குடும்பம் நடத்திய வீடுகள்தான் அவை. ஆனாலும் தெருப்பக்கம் யன்னல் குறைவு, பெரிய கல்லுச் சுவர், வாசலுக்கு மேலே குலச்சின்னம், மூலையில் காவல் கோபுரம். ஒரே ஊர்ப் பிரபுக் குடும்பங்கள் ஒன்றையொன்று நம்பாத காலத்தில் எழும்பியவை. 1476இல் இசபெல்லா அரசி அந்தக் கோபுரங்களின் தலையை வெட்டித் தாழ்த்தும்படி கட்டளையிட்டார். தன் பக்கம் நின்றவரின் கோபுரத்தை மட்டும் விட்டுவிட்டார். நாரைக் கோபுரம் என்று பெயர்பெற்ற அது இன்றும் முழு உயரத்தில் நிற்கிறது. பழைய நகரம் 1986இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

இவ்வளவும் எழுதிவிட்டுக் கடைசியில் அவர் கேட்டிருந்தார்: "அக்கா, எங்கட பக்கம் இப்பிடி ஒரு பிரபு வீடு இருக்கோ? இருந்தா வாற வருஷம் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டலாம்."

இருக்கிறது தங்கச்சி. அரிப்பில் இருக்கிறது. ஆனால் வாற வருஷம் வரை தள்ளிப்போடாமல் வர முடிந்தால் நல்லது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்காகவே இந்த மாதப் பக்கத்தை ஒதுக்கியிருக்கிறேன்.

மன்னாரில் பழைய கட்டடம் என்றால் எல்லோருக்கும் முதலில் நினைவு வருவது மன்னார்க் கோட்டை. பாலத்தைக் கடந்து தீவுக்குள் வந்ததும் வரவேற்பது அதுதான். 1560இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள், 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1795இல் பிரித்தானியர் கைக்குப் போனது. நான்கு மூலைக் கொத்தளங்களும் உள்ளே இடிந்த தேவாலயமும் ஒல்லாந்தர் கல்லறைக் கற்களும் இன்னும் பார்க்கலாம். திருக்கேதீச்சரக் கோயிலின் கற்களைப் பெயர்த்துக்கொண்டுவந்துதான் இதைக் கட்டினார்கள் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் மனம் நொந்து சொல்வார்கள். ஆனால் அது படை இருந்த இடம். ஒருவர் வீடென்று எண்ணிக் கட்டியது, ஊர் கோட்டையென்று கூப்பிடுவது, பெருநிலப் பக்கம் தெற்கே, அரிப்புக்கும் சிலாவத்துறைக்கும் இடையில் கடலோரத்தில் நிற்கிறது. ஊரில் அதை அல்லிராணி கோட்டை என்பார்கள். ஆங்கிலப் புத்தகங்களில் அதற்கு 'டொரிக்' என்று பெயர்.

கட்டியவர் பிரெட்ரிக் நோர்த். இலங்கையின் முதலாவது பிரித்தானியத் தேசாதிபதி. இவருடைய தகப்பனார் நோர்த் பிரபு, அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரித்தானியாவின் கையைவிட்டுப் போன காலத்தில் அந்நாட்டின் பிரதம மந்திரியாக இருந்தவர். மகனுக்குக் கிரேக்கத்தில் பைத்தியம். இளவயதிலேயே அங்கே போய், அந்த மொழியைப் படித்து, கிரேக்கத் திருச்சபையிலும் சேர்ந்துகொண்டார். பிற்காலத்தில், 1824இல், கோர்பு தீவில் ஒரு கிரேக்கப் பல்கலைக்கழகத்தை நிறுவியவரும் இவரே. அந்த மனிதர் 1798இல் இலங்கைக்கு வந்தார். 1801 தொடங்கி 1804 வரையான ஆண்டுகளில், அரிப்பின் செம்மண் மேட்டில், பனையும் உடைமரமும் மட்டும் நின்ற வெறுங்கரையில், கிரேக்கக் கோயில் தூண்களோடு ஒரு மாளிகை எழுந்தது. வரைபடமும் அவருடையதே.

அவருடைய காலத்தில் இங்கே இருந்த பாதிரியார் ஜேம்ஸ் கோர்டினர், 1807இல் வெளியான தம்முடைய இலங்கை பற்றிய நூலில் இந்த வீட்டை விவரித்திருக்கிறார். தீவிலேயே இதற்கு இணையான அழகுடைய கட்டடம் வேறில்லை என்பது அவர் கருத்து. இரண்டு தட்டு வீடு. கீழே உதவியாளர்கள் தங்கவும் அலுவல் பார்க்கவும் சிறிய அறைகள், மேலே தேசாதிபதிக்கான பெரிய அறைகள், அதற்கும் மேலே தட்டையான மொட்டைமாடி. செங்கல் கட்டு. அதன்மேல் சிப்பி சுட்ட சுண்ணாம்பை அரைத்துப் பூசித் தேய்த்து, தூரத்துக்குப் பளிங்குபோலத் தெரியச் செய்திருந்தார்கள். கடலிலிருந்து வரும் தோணிக்காரருக்கு முதலில் கண்ணில் படுவது இந்த வெள்ளை வீடாகத்தான் இருந்திருக்கும்.

கொழும்பு இருக்க, காலி இருக்க, ஒரு தேசாதிபதி ஏன் அரிப்பில் வீடு கட்டினார்? முத்துக்காக. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள் இந்தக் கரைக்கு நேரேதான் கிடக்கின்றன. செவ்வல்பார், மோதரகம்பார், பெரியபார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. பிரித்தானியர் வந்த கையோடு 1796, 1797, 1798 என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் முத்துக்குளிப்பு நடந்து பெரும்பணம் வந்தது. பிறகு வந்த நோர்த்துக்குக் கிடைத்தது சிப்பி குறைந்துபோன பார்கள். அரசாங்கத்துக்கோ காசு தேவைப்பட்டது. வீடு எழும்பிக்கொண்டிருந்த 1803இல்தான் கண்டிமீது அனுப்பிய படை பேரழிவில் முடிந்தது. அப்படிப்பட்ட நேரத்திலும் மாளிகை வேலை நிற்கவில்லை. ஆண்டில் சில கிழமைகள் மட்டும் நடக்கும் முத்துக்குளிப்பை இருந்து பார்ப்பதற்கு ஒரு வீடு. 1805இல் நோர்த் இலங்கையை விட்டே போய்விட்டார். அவர் இந்த மாடியில் படுத்தெழும்பிய இரவுகள் மிகக் கொஞ்சமாகத்தான் இருக்க முடியும்.

காசெரஸ் வீடுகளைப்போல இதற்கு மதிலோ கோபுரமோ இல்லை. அங்கே பிரபுவுக்குப் பயம் அடுத்த வீட்டுப் பிரபு. இங்கே அடுத்த வீடே இல்லை. கொஞ்சத் தூரத்தில் அரிப்புக் கோட்டையும் காவலுக்குப் படையும் இருந்தன. ஆகவே நோர்த் நான்கு பக்கமும் காற்று வர, கடல் தெரிய, தூண் வைத்துத் திறந்த வீடாகக் கட்டினார். பயமில்லாதவர் கட்டிய வீடு என்று அதைப் பார்த்தவுடன் எனக்குத் தோன்றும். கரையில் நின்ற மற்ற எல்லோருக்கும் பயம் இருந்தது.

அந்த 'மற்ற எல்லோரையும்' பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். அவர்களுக்காகத்தான் நான் அரிப்புக்குப் போங்கள் என்று சொல்கிறேன்.

முத்துக்குளிக்கும் காலத்தைச் சலாபம் என்பார்கள். மாசி, பங்குனி, சித்திரை. வாடை ஓய்ந்து சோழகம் தொடங்குவதற்கு முன்னே கடல் தெளிந்து கிடக்கும் இடைவெளி. தூத்துக்குடிப் பரதவர், கீழக்கரை முஸ்லிம்கள், மன்னார் ஆட்கள், பிற்காலத்தில் பெருந்தொகையான அரபிகள் என்று குளிகாரர் வந்து சேர்வார்கள். அவர்களுக்குப் பின்னால் முத்து வாங்கச் செட்டிமார், துளை போடுகிறவர்கள், சாப்பாட்டுக் கடைக்காரர், சாமிமார், பாதிரிமார், களவெடுக்க வந்தவர்கள். ஆளில்லாத மணல்வெளியில் ஓலையும் தடியுமாய் ஒரு பட்டினம் முளைக்கும், ஒன்றரை மாதத்தில் கலைந்தும் போகும். 1804இல் முப்பது நாள், 150 தோணி என்ற கணக்கில் யாழ்ப்பாணத்தவர் ஒருவர் குத்தகைக்கு எடுத்திருந்தார் என்பதைக் கோர்டினர் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது.

நள்ளிரவில் வெடி கேட்கும். கரைக்காற்றைப் பிடித்துத் தோணிகள் எல்லாம் ஒருமிக்கப் புறப்படும். விடியும்போது பாரில் நிற்கவேண்டும். ஒரு தோணியில் தண்டல் ஒருவர், குளிகாரர் பத்துப்பேர், கயிறு இழுக்கும் முண்டக்குமார் பத்துப்பேர். ஐந்து கல்லு. ஐந்துபேர் இறங்க ஐந்துபேர் மூச்சாறுவார்கள். கல்லு என்பது உச்சியில் துளைபோட்டுக் கயிறு கோத்த கருங்கல், ஏறத்தாழ முப்பது இறாத்தல். குளிகாரர் அந்தக் கயிற்று வளையத்தில் ஒரு காலை வைத்து, கூடையின் கயிற்றை மறுகாலில் மாட்டி, கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு விடுவார். ஐந்து பாகமோ பத்துப் பாகமோ, கல்லு கொண்டுபோய்த் தரையில் விடும். காலை எடுத்தவுடன் முண்டக்கு கல்லை மேலே இழுத்துவிடுவார். கீழே இருக்கிறவர் முகம் குப்புற நீந்தி இரண்டு கையாலும் சிப்பியை அள்ளிக் கூடையில் போடவேண்டும். ஒரு நிமிடம், கைதேர்ந்தவர் என்றால் இன்னும் கொஞ்சம். பிறகு கயிற்றை ஒரு வெட்டு வெட்டுவார். அந்த வெட்டை மேலே இருப்பவர் தவறவிடக் கூடாது. உயிர் அந்தக் கயிற்றில்தான் இருக்கிறது. ஏறி வரும்போது மூக்கிலும் காதிலும் இரத்தம் வடிவதுண்டு. ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை இப்படி இறங்கியிருக்கிறார்கள்.

சுறாவுக்கும் திருக்கைக்கும் என்ன செய்வது? அதற்குக் கடல்கட்டி இருந்தார். கரையில் இருந்து மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுகிறவர். அவர் கட்டாமல் ஒரு குளிகாரரும் கடலில் இறங்கமாட்டார். அந்த உரிமை ஒரு குடும்பத்துக்குள் வழிவழியாக வந்தது. 1840களில் இங்கே குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், தம் காலத்துக் கடல்கட்டி கத்தோலிக்கர் என்று எழுதியிருக்கிறார். இந்துவும் முஸ்லிமும் பரதவரும் அந்தக் கத்தோலிக்கரின் மந்திரத்தை நம்பித் தண்ணீருக்குள் போனார்கள். அதைப் படித்த நாள்முதல் அந்தக் கரையை வேறு கண்ணால் பார்க்கிறேன்.

மத்தியானத்துக்கு மேல் கடற்காற்றைப் பிடித்துத் தோணிகள் திரும்பும். சிப்பியைக் 'கோட்டு' என்ற வேலியடைத்த வளவுக்குள் குவித்து அழுகவிடுவார்கள். ஈ மொய்த்துப் புழுத்துச் சதை உருகிய பிறகு, தோணிபோன்ற தொட்டிகளில் போட்டுக் கழுவிக் கழுவி முத்தைப் பிரிப்பார்கள். பித்தளைச் சல்லடைகளை வரிசையாக வைத்துப் பருமன் பார்த்துச் சலிப்பார்கள். ஆணிமுத்து என்றால் குற்றமில்லாதது. அதிலிருந்து தரம் தரமாக இறங்கிக் கடைசியில் தூளுக்கு வரும். தூளையும் எறிவதில்லை, மருந்துக்கு வாங்குவார்கள். இலட்சக்கணக்கான சிப்பி ஒருமிக்க அழுகும் வாசனை அந்த வெள்ளை வீட்டு மேல்மாடிக்கு எட்டாமல் இருந்திருக்காது. வாந்திபேதி புகுந்து சலாபம் பாதியில் கலைந்த ஆண்டுகளும் உண்டு. அந்த மணலில் எத்தனைபேரைப் புதைத்தார்கள் என்பதற்கு ஒரு கல்லுக்கூட நட்டுவைக்கவில்லை.

1905இல் இந்தக் கடல் அள்ளிக் கொடுத்தது. எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பி, அரசாங்கத்துக்கு 25 இலட்சம் ரூபாவுக்கு மேல் வருமானம். உடனே ஒரு ஆங்கிலக் கம்பனி இருபது ஆண்டுக் குத்தகைக்கு 1906இல் பார்களை எடுத்துக்கொண்டது. சில ஆண்டுகளிலேயே சிப்பி அற்றுப்போய்க் கம்பனியும் படுத்துவிட்டது. அந்த 1906ஆம் ஆண்டு மறிச்சுக்கட்டிச் சலாபத்தில் வேலை பார்த்த இளம் அதிகாரிதான் லெனாட் வூல்ப். கடலில் செத்துப்போன ஒரு அரபிக் குளிகாரரைக் கரைக்குக் கொண்டுவந்ததையும், அவருடைய ஆட்கள் இரவு அழுததையும் அரைநூற்றாண்டு கழித்துத் தம் சுயசரிதையில் எழுதினார். இவ்வளவு காலம் கழிந்தும் அந்த அழுகை அவருக்கு மறக்கவில்லை. கடைசிச் சலாபம் 1925இல் நடந்தது. பிறகு இல்லை. பாரிஸ் நாடக அரங்கில் 1863இல் பிசே மேடையேற்றிய 'முத்துக்குளிப்போர்' என்ற இசைநாடகத்தை இன்றும் உலகம் முழுக்கப் பாடுகிறார்கள். கதை நடப்பது இலங்கைக் கரையில். அதைக் கேட்டுக் கைதட்டுகிறவர்களில் எத்தனைபேருக்கு அரிப்பு என்ற ஊர் தெரியும்?

இனி வீட்டுக்கு வருவோம். அண்மையில் போனபோது என்ன நின்றது என்பதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். ஏமாந்து போகக் கூடாது. மாளிகை என்று நினைத்துப் போனால் கூரையில்லை, மாடியில்லை. சில சுவர்த் துண்டுகள் தனித்தனியாக நிற்கின்றன. வளைவான வாசல் ஓரிரண்டு இன்னும் தாங்கிக்கொண்டிருக்கிறது. பூச்சு உதிர்ந்து சிவந்த செங்கல் தெரிகிறது. கடல்பக்கத்தில் செம்மண் மேடு செங்குத்தாக அறுந்து இறங்குகிறது. அதன் விளிம்பில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அத்திவாரம், கீழே மணலில் விழுந்து கிடக்கும் சுவர்க்கட்டி. ஒரு கட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். செங்கலுக்கும் செங்கலுக்கும் இடையில் விரல்மொத்தச் சாந்து. அதற்குள் முழுதாய் வேகாத சிப்பித் துண்டுகள், நகத்தளவு, உள்பக்கம் இன்னும் மினுங்குகிறது. விழுந்தும் செங்கல் பிரியவில்லை. சாந்து அப்படிப் பிடித்திருக்கிறது. அந்தச் சாந்தைக் குழைத்த கொத்தனார் யார், எந்த ஊர் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. வரைபடம் போட்டவரின் பெயர் மட்டும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது.

நான் விளிம்புக்குக் கிட்டப் போவதைப் பார்த்து, வலை தூக்கிக்கொண்டு போன பெரியவர் ஒருவர் சத்தம் போட்டார். "பிள்ளை, அங்கால போகாதீங்க. மேல் மண் நல்லாத்தான் இருக்கும், அடியில ஒன்டும் இல்லை." நின்று பேசினோம். தான் சின்னப் பெடியனாக இருக்கும்போது வீட்டுக்குக் கடல்பக்கமாகவே ஆட்கள் நடந்துபோக வழி இருந்ததென்று கையை நீட்டிக் காட்டினார். அவர் காட்டிய இடத்தில் இப்போது அலை அடிக்கிறது. "அல்லிராணி இருந்த வீடுதானே ஐயா?" என்று கேட்டேன். "வேற ஆருடைய வீடு?" என்றார். நோர்த்தைப் பற்றி நானும் வாய் திறக்கவில்லை.

அல்லியரசாணி மாலையின் அல்லியை நம் பாட்டிமார் எல்லோருக்கும் தெரியும். மதுரையில் அரசு செலுத்தியவள், ஆண்களை வாசலில் நிறுத்தியவள், அருச்சுனனையே படாதபாடு படுத்தியவள். மன்னார்க் கரையில் அவளுக்கு இன்னும் ஒரு நாடு கொடுத்திருக்கிறார்கள். தெற்கே குதிரைமலை முனையில் அவளுடைய அரண்மனை, முத்துக்குளிக்கும் கடல் முழுக்க அவளுடைய சொத்து, அரிப்பில் அவளுடைய கோட்டை. தேசாதிபதி சில ஆண்டு ஆண்டுவிட்டுப் போனார். முத்துக்கடலின் அதிகாரி யார் என்று கேட்டால் இந்தக் கரை மக்களுக்கு ஏற்கனவே ஒரு விடை இருந்தது. அந்த வீட்டையும் அவள் பெயரில் எழுதிவிட்டார்கள். தூய வரலாறு பேசுகிறவர்கள் இதைத் திருத்தவேண்டும் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கே வைக்கும் பலகையில் இரண்டு பெயரும் இருக்கட்டும்.

பக்கத்திலேயே அரிப்புக் கோட்டை. சிறியது, சதுரமானது, மூலைக் கொத்தளங்களோடு. பார்த்து முடிக்க அரைமணி நேரம் போதும். ஆனால் அதன் வாசலில் ஒரு நிமிடம் நின்று 1679ஆம் ஆண்டை நினைக்கவேண்டும். கொட்டியாரக் கரையில் 1660இல் கண்டியரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, பத்தொன்பது ஆண்டுக்கு மேல் மலைநாட்டில் கைதியாக இருந்த றொபேட் நொக்ஸ், ஸ்டீபன் றட்லண்ட் என்ற தோழரோடு தப்பி, அநுராதபுரக் காட்டுக்குள்ளே மல்வத்து ஓயாவைப் பிடித்துக்கொண்டு நடந்து, அந்த ஆறு அருவியாறாகிக் கடலில் விழும் இந்த இடத்தில் ஒல்லாந்தர் கோட்டையை வந்தடைந்தது ஒக்டோபர் 18ஆம் தேதி. அவர் 1681இல் வெளியிட்ட புத்தகம் இலங்கையின் பழைய வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள இன்றும் முதல் நூல்களில் ஒன்று. ரொபின்சன் குரூசோ கதை எழுதிய டீபோவும் அதைப் பயன்படுத்தியவர். அருவியாற்றுப் பாலத்தில் நின்று மேற்கே பார்த்தால் நொக்ஸ் பார்த்த கடல் தெரியும்.

இந்தப் பக்கத்து மக்களின் அண்மைக்கால வரலாற்றைச் சொல்லாமல் வீட்டை மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது அரிப்பைச் சூழ்ந்த முசலிக் கிராமங்களும் வெறுமையாகின. முத்துக்கடலோரம் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் பிள்ளை வளர்த்தார்கள். 1991இல் சிலாவத்துறையில் பெரும் சண்டை. 2007இல் இராணுவம் அந்தப் பகுதியைப் பிடித்தபோது தமிழ்க் குடும்பங்கள் பலவும் இடம்பெயர்ந்திருந்தன. போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் தங்கள் வீட்டின் அத்திவாரத்தையே காட்டுக்குள் தேடவேண்டியிருந்தது. அப்படிப்பட்டவர்களிடம் போய், தேசாதிபதியின் வீட்டைப் பாதுகாக்கவில்லையே என்று கேட்க எவருக்கும் உரிமையில்லை. அந்தக் காலம் முழுக்க அங்கே பார்க்க ஆளில்லை, கடலுக்கு மட்டும் ஓய்வில்லை.

ஆனால் இப்போது கேட்கலாம். யாழ்ப்பாணக் கோட்டையை நெதர்லாந்தின் உதவியோடு திருத்தியெடுக்க முடிந்தது. அரிப்பு ஒதுக்குப்புறம், அங்கே வாக்கும் குறைவு, வருமானமும் குறைவு. மாளிகையைத் திரும்ப எழுப்புங்கள் என்று நான் கேட்கவில்லை. புதிய சீமெந்துத் தூண் நாலை நட்டு வெள்ளை அடித்துவிட்டு மரபுரிமை என்றால் அதைவிட இந்த இடிபாடு மேல். அவசரமாகச் செய்யவேண்டியது வேறு. முதலில், நிற்கிற சுவர் ஒவ்வொன்றையும் அங்குலம் அங்குலமாக அளந்து வரைந்து படமெடுத்து வைக்கவேண்டும். இது பெரிய செலவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படிக்கும் பிள்ளைகள் ஒரு விடுமுறையில் செய்துவிடக்கூடிய வேலை. அடுத்தது மேட்டின் அடிவாரத்தில் கல்லணை. அதைக் கடலறிந்தவர்களைக் கேட்டுச் செய்யவேண்டும். ஒரு இடத்தில் கல்லைக் கொட்டினால் கடல் பக்கத்து ஊரைத் தின்னும் என்பது நம் மீனவர்களுக்கு நன்றாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே குளிகாரருக்கு ஒரு கல்லு வேண்டும். முப்பது இறாத்தல் கல்லு ஒன்று, உச்சியில் துளையோடு, அதே அளவில். பக்கத்தில் தண்டல், முண்டக்கு, கடல்கட்டி என்று அவர்கள் செய்த தொழிலின் பெயர்கள். தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் வந்து திரும்பாதவர்களுக்கும் சேர்த்து. மன்னார் மறைமாவட்டமும் முசலிப் பள்ளிவாசல்களும் கோயில் சபைகளும் சேர்ந்து நினைத்தால் தொல்பொருள் திணைக்களத்தின் பணத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

போகிறவர்களுக்கு: மன்னார் நகரத்திலிருந்து வங்காலை வழியாகச் சிலாவத்துறைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால் அரிப்பில் இறங்கலாம். வாகனம் வைத்திருப்பவர்கள் வங்காலைப் பறவைகள் சரணாலயத்தில் சற்று நின்று போங்கள், வாடைக் காலமென்றால் பூநாரைகள் நிற்கும். காலமே போவது நல்லது. மாளிகையடியில் நிழல் கிடையாது, தண்ணீரும் கிடையாது, இரண்டையும் கொண்டுபோங்கள். சுவர்களில் ஏறவேண்டாம், பிள்ளைகளைக் கடல்பக்க விளிம்புக்கு விடவேண்டாம். விழுந்து கிடக்கும் செங்கலில் ஒன்றை ஞாபகத்துக்கு எடுத்துவரலாம் என்று மனம் சொல்லும். எடுக்காதீர்கள். ஊருக்குள் போய் ஒரு தேத்தண்ணி குடித்து யாராவது ஒரு வயதானவரோடு பேசிவிட்டு வாருங்கள். குதிரைமலைக் கதைகள் புத்தகத்தில் இருப்பதைவிட அவர்களிடம் கூடுதலாக இருக்கின்றன.

இந்த இதழில் இருந்து ஒரு சிறு வேலையைத் தொடங்குகிறோம். அல்லிராணி கோட்டையின் பழைய படம் உங்கள் வீட்டு அல்பத்தில் இருந்தால் அதன் பிரதி ஒன்றை அனுப்புங்கள். கலியாணம் முடித்துச் சுற்றிப்பார்க்கப் போனபோது எடுத்தது, பள்ளிக்கூடச் சுற்றுலாவில் எடுத்தது, எதுவானாலும் சரி. முகங்களுக்குப் பின்னால் தெரியும் சுவர்தான் எங்களுக்கு வேண்டும். எந்த ஆண்டில் எந்தச் சுவர் நின்றது என்பதை அவற்றை வைத்துக் கட்டம் கட்டமாக அடுக்கலாம் என்று நினைக்கிறோம். குளிக்கல்லோ முத்துச் சல்லடையோ யார் வீட்டிலாவது இருந்தால் பொருளை அனுப்பவேண்டாம், அளவும் படமும் போதும். இப்போது போகிறவர்களும் படமெடுத்து அனுப்புங்கள். படத்தின் பின்னால் தேதியையும், எந்தத் திசையைப் பார்த்து நின்று எடுத்தீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்